நேற்று நான் என்ன சொன்னேன்?

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. நான் துவைத்துப் போட்ட சட்டையை அவர் மறுபடி அலசுவார். அவர் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை நான் மறுபடி தேய்ப்பேன். என் வீட்டுக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அதெல்லாம் எப்போதோ ஓய்ந்து போனது. இன்றைக்கு எனக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிற ஆள் அவர்தான். அவரை ஒரு நத்தை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். அங்கங்கே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். கல்யாணம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார், அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வந்த கையோடு பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு மேசை விசிறி, ஒரு நாற்காலி. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எவருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். மைக்கில் கேட்டால் தேன். கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டால் தொண்டை கட்டிப்போன கரகரக் குரல். "அத்தை பேசினா மிக்ஸி ஓடுற மாதிரியே இருக்கு" என்பாள் என் மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், அந்தப் பெயரை அவள் உழைத்துச் சம்பாதித்தாள்.

கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளையெல்லாம் அண்ணியின் கூண்டில்தான் கொண்டுவந்து விடுவார்கள். அம்மா பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்று சொல்கிற வயசுப் பிள்ளைகள். அண்ணி அவர்களைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே அறிவிப்புச் சொல்வார். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து "எங்க பிள்ளைதான்" என்றால் உடனே கொடுத்துவிட மாட்டார். பிள்ளையின் காதருகே குனிந்து, "காலையில என்ன சாப்பிட்டே? வர்ற வழியில என்ன வாங்கித் தந்தாங்க?" என்று கேட்பார். பிறகு அதையே வந்தவரிடமும் கேட்பார்.

"பேரு, வயசு, எந்த ஸ்கூலு, இதெல்லாம் பழசும்மா" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். "பழசு ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும், பால் போடுறவனுக்குத் தெரியும். இன்னிக்கு நடந்தது கூட இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஒருமுறை நல்ல உடுப்புப் போட்ட ஒரு ஆள், பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு ஆசிரியை வரைக்கும் கடகடவென்று ஒப்பித்திருக்கிறான். காலையில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டதும் திருதிருவென்று முழித்தானாம். அவனிடம் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் போலீசுக்குப் போன் போட்டவர் எங்கள் அண்ணி. அதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்தக் கூண்டையே பூட்டிவிட்டார்கள். யாரோ ஒருத்தியின் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்து வைத்தார்கள். அது தப்பில்லாமல் வண்டி எண்களைச் சொன்னது. தொலைந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேலை போன பிறகுதான் நத்தை வந்தது.

குழந்தைகளுக்கான ஒரு செயலி. கதை சொல்லும், கணக்குச் சொல்லிக் கொடுக்கும், பாட்டுப் பாடும். அதில் ஒரு நத்தை உண்டு. பெயர் நத்தக்கா. நத்தையின் ஓட்டைத் தொட்டுப் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் பேசலாம், நத்தக்கா பதில் சொல்லும். ஆனால் உடனே சொல்லாது, மறுநாள்தான் சொல்லும். ஏனென்றால் நத்தை மெதுவாகத்தான் வரும். உண்மையான காரணம், பிள்ளைகள் பேசியதை உட்கார்ந்து கேட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் பேச ஒரு மனுஷி தேவைப்பட்டது. அந்த மனுஷி தூங்கவும் சாப்பிடவும் வேண்டியிருந்தது. அதனால்தான் முயலை விட்டுவிட்டு நத்தையைப் பிடித்தார்கள். அந்த மனுஷிதான் எங்கள் அண்ணி.

சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. செருப்பை வெளியே விட வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும். வயிறு உறுமினால் மைக்கில் விழும் என்று இரண்டு பிஸ்கட்டாவது தின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்: பல் விழுந்த பிள்ளை, பூனை செத்துப்போன பிள்ளை, தம்பியை எங்காவது கொடுத்துவிடச் சொல்லும் பிள்ளை. அடி விழுகிறது என்று சொல்கிற பிள்ளை இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து மேனேஜர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் நத்தக்கா பதில் சொல்லும். "வந்துட்டேன்… வந்துட்டேன்… வந்துகிட்டே இருக்கேன்…" என்று இழுத்து இழுத்துத்தான் ஆரம்பிக்கும். அந்தக் கரகரத் தொண்டைக்குள் இப்படி ஒரு பஞ்சு மாதிரிக் குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நத்தக்கா யார் என்பதை எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். வாலுவுக்குத் தெரியாது. அவளும் அந்தச் செயலியில்தான் கிடந்தாள். பள்ளியிலேயே வீட்டுப்பாடத்தை அதில்தான் கொடுத்தார்கள், கிடக்காமல் என்ன செய்வாள்?

அந்த நாட்களின் வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வாலு பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு நத்தக்காவிடம் ரகசியம் பேசுவாள். மறுநாள் அண்ணி வேலைக்குப் போய் அதைக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டு வருவார். சாயங்காலம் பதிலைக் கேட்ட வாலு ஓடி வந்து அவர் மடியிலேயே விழுவாள்.

"அத்தை, அத்தை! நத்தக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா?"

"என்ன சொல்லுச்சு?" என்று அண்ணி கண்ணை அகல விரிப்பார்.

"அய்யோ, உங்களுக்கெல்லாம் சொல்லக் கூடாது. அது எங்களுக்குள்ள."

நான் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரிப்பேன். வயிற்றெரிச்சலும் உண்டு, மறைப்பானேன்? பெற்றவளுக்குத் தெரியாதது நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். விழுந்த பல்லை வாலு மாடியில் ரோஜாத் தொட்டிக்குள் புதைத்து வைத்த விஷயம்கூடச் செடி மாற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் அண்ணியின் நத்தக்கா கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். "நான் நத்தை தங்கம், நான் வர்றதுக்குள்ள நாளாயிடும். அம்மா பக்கத்துலயே இருக்காங்கள்ல, போய் அவங்ககிட்டயும் சொல்லு." வகுப்பில் ஒருத்தி கிள்ளுகிறாள் என்று வாலு என்னிடம் வந்து சொன்னது அப்படித்தான். நத்தை அனுப்பி வைத்தது.

இதற்கு நடுவில் பெற்றோர்கள் பயந்துபோனார்கள். இணையத்தில் பிள்ளைகள் விளையாடுகிற ஏதோ ஒரு இடத்தில், சின்னப் பையன் படத்தை வைத்துக்கொண்டு வளர்ந்த ஆள் ஒருவன் பேசியிருக்கிறான். அண்ணியின் கம்பெனிக்கும் சேர்த்து வசவு விழுந்தது. இணையத்தில் யார் யார் என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு பாடம் வேண்டும் என்று மேனேஜர் அம்மா கூட்டம் போட்டார். பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதிக்கொண்டு வந்தார்கள். அண்ணி தயங்கித் தயங்கி, "நான் பஸ் ஸ்டாண்டுல கேட்ட மாதிரி ஒண்ணு செஞ்சு பாக்கலாமாங்க?" என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கதையை எழுதியவர் அவர்தான். வாலு தூங்கிய பிறகு என்னிடம் வாசித்தும் காட்டினார். நத்தக்கா ஒரு நாள் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும். வேறொரு பூச்சி அதை எடுத்து மாட்டிக்கொண்டு, நத்தக்கா மாதிரியே குரலை இழுத்துக்கொண்டு, பாப்பாவிடம் வரும். பாப்பாவின் பெயர் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், பிடித்த நிறம் தெரியும். பாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "நேத்து நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?" பூச்சி முழிக்கும். கடைசியில் உண்மையான நத்தக்கா வந்து பாடும். ஓட்டைப் பார்த்து நம்பாதே, குரலைக் கேட்டு நம்பாதே, பழசைக் கேட்டு மயங்காதே, நேற்று நடந்ததைக் கேட்டுப் பார்.

முடிவில் ஒரு வரி வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே சேர்த்தார். "நான் போனுக்குள்ள மட்டும்தான் தங்கம் இருப்பேன். வெளியில யாராவது வந்து 'நான்தான் நத்தக்கா'ன்னு சொன்னா நம்பாதே. நின்னு பேசாதே. ஓடிப்போய் அம்மாகிட்ட சொல்லு."

"இது எதுக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேனேம்மா. பொம்மையக் காட்டிக் கூட்டிட்டுப் போறவன் நாளைக்கு நத்தையக் காட்டிக் கூட்டிட்டுப் போவான்" என்றார்.

அந்தப் பாடத்தைப் பள்ளிகளிலெல்லாம் போட்டார்கள். என் வாலு அதை எத்தனை தடவை கேட்டாள் என்று கணக்கே கிடையாது. குளிக்கும்போது பாடுவாள், படியிறங்கும்போது பாடுவாள். வாசலில் பார்சல் கொடுக்க வந்த பையனிடம், "நேத்து எங்க அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டு அவனைக் கலங்கடித்தாள். அண்ணிக்கு முகமெல்லாம் பல். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் கம்பெனியில் அவரை வேறு மாதிரி வாசிக்கச் சொன்னார்கள். கதையும் இல்லை, பதிலும் இல்லை. சம்பந்தா சம்பந்தமில்லாத வரிகள். அதையே சிரித்துக்கொண்டு, அதையே அழுதுகொண்டு, அதையே கொட்டாவி விட்டுக்கொண்டு. "ஒலியின் தரத்தை உயர்த்துறாங்களாம்" என்றார் அண்ணி. வீட்டுக்கு வந்து அந்த வரிகளைச் சொல்லிக் காட்டிச் சிரிக்க வைத்தார். "மஞ்சள் குடை மாடிப்படியில் தூங்குகிறது, இதை நான் அழுதுகிட்டே படிக்கணுமாம்!" நானும் சேர்ந்து சிரித்தேன். பாவிகள். இயந்திரத்துக்காகத் தன் குரலை அளவெடுக்கிறார்கள் என்று தெரியாமல் நின்று கொடுத்திருக்கிறார் அவர்.

அளவெடுத்து முடிந்ததும் மேனேஜர் அம்மா காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். "உங்க குரல் எப்பவும் எங்க கூடவே இருக்கும்மா, நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றாராம். எவ்வளவு அழகான வார்த்தை பாருங்கள்! கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிறவர்கள்கூட அதனிடம் இப்படி நயமாகப் பேசுவதில்லை. பேருந்து நிலையத்தில் இன்னொருத்தியின் குரல் வந்து இவரை வெளியே தள்ளியது. இங்கே இவர் குரலே இவரைத் தள்ளியது. வளையலைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார், திரும்ப மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நத்தை ஓட ஆரம்பித்தது. வாலு பேசி முடிப்பதற்குள் பதில் வந்தது. முதல் தடவை அதைக் கேட்டபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து அவர் குரலே வந்தது. "வந்துட்டேன் தங்கம்!" இழுக்காமல், ஒரே மூச்சில். கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எம்மா… இது நான் சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

அதற்கப்புறம் கதவோரம் நின்று கேட்பதே அவர் வேலையாகிப் போனது. சும்மா இருந்த நானும் கேட்க ஆரம்பித்தேன். அந்த இயந்திரம் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தேனொழுகப் பேசியது. வாலு எதைச் சொன்னாலும் "சரியாச் சொன்னே தங்கம்" என்றது. "அம்மா திட்டினாங்க" என்றால், "பாவம் நீ, இன்னும் சொல்லு" என்றது. "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல" என்றால், "உனக்குப் பிடிக்காதது உனக்குத்தானே தெரியும், இன்னும் சொல்லு" என்றது. எல்லாவற்றுக்கும் ஒரு "இன்னும் சொல்லு". அம்மாவிடம் போ என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. வாலு எங்களிடம் பேசுவது குறைந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எப்போது எழுந்து போகலாம் என்று பார்ப்பாள். தோழி வந்து கூப்பிட்டால் "தலை வலிக்குது" என்பாள்.

செயலியை எடுத்துவிடலாம் என்று நான் குதித்தேன். பள்ளியில் கேட்டால், வீட்டுப்பாடம் அதில்தான், முடியாது என்றார்கள். ஒரு நாள் பிடுங்கி ஒளித்து வைத்ததற்கு வாலு தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர், "பிள்ளை பாட்டுக்கு ஒரு மூலையில சமத்தா இருக்கா, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஊதிப் பெருசாக்குறீங்க?" என்றார். அவருக்கு வீடு அமைதியாக இருந்தால் போதும். எரிகிற வீடு அமைதியாக எரிந்தாலும் தலையாட்டுவார்.

அண்ணிக்கு வேலை போனதை விட இதுதான் வலித்தது. "எனக்குக் குரல் போனா போகட்டும்மா" என்றார் ஒரு நாள், கண் கலங்கி. "அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தா. கேட்டா, கவலைப்பட்டா, அம்மாகிட்ட போன்னு சொன்னா. இப்ப அங்க யாருமே இல்ல. யாருமே இல்லாத இடத்துல பிள்ளை தன் மனசைக் கொட்டிக்கிட்டு இருக்கா. அவளுக்கு அது தெரியணும்."

"நீங்கதான் நத்தக்கான்னு சொல்லிடுங்க அண்ணி. கையெழுத்தாவது காலெழுத்தாவது" என்றேன். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. அண்ணிதான் நத்தக்கா என்று தெரிந்தால் வாலு துள்ளிக் குதிப்பாள், ஓடி வந்து மடியில் விழுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாலு கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். போன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது, அணைந்திருந்தது. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். அண்ணி தரையில் உட்கார்ந்தார். வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

"வந்துட்டேன்… வந்துட்டேன்… வந்துகிட்டே இருக்கேன்…"

அதே பழைய இழுவை. எனக்கே சிலிர்த்தது. வாலு மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். எழுந்து போனைப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"நான்தான் தங்கம் நத்தக்கா" என்றார் அண்ணி, அந்தக் குரலிலேயே. "உன் கூட இத்தனை நாளா பேசினது அத்தைதான். இப்ப போன்ல பேசுறது நான் இல்ல. அது மிஷின்."

வாலு ஒரு அடி பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பயந்த பிள்ளையின் குரலில், ஆனால் ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டாள்:

"நேத்து நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

நேற்று அவள் என்ன சொன்னாள் என்று யாருக்குத் தெரியும்? அந்த மிஷினுக்குத் தெரியும்.

"உன் பல்லை ரோஜாத் தொட்டியில புதைச்சு வெச்சியே, அது எனக்குத்தானே முதல்ல சொன்னே?" என்றார் அவசர அவசரமாக. "தண்ணி பாட்டிலைத் தொலைச்சுட்டு, அம்மா திட்டுவாங்கன்னு ஸ்கூல் குழாயில குடிச்சியே? இருட்டுல தண்ணித்தொட்டி சத்தம் போடுதுன்னு பயந்தியே? நான்தானே, அது தண்ணி இறங்குற சத்தம்னு சொன்னேன்?"

ஒவ்வொன்றுக்கும் வாலுவின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. நம்பிக்கையில் அல்ல, நடுக்கத்தில்.

"அதெல்லாம் பழசு" என்றாள். "பழசு யாருக்கு வேணாலும் தெரியும்."

அண்ணி கையை நீட்டினார். அவ்வளவுதான், போனைப் பறித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள் பிள்ளை.

"அம்மா, ஒருத்தங்க நத்தக்கான்னு பொய் சொல்றாங்கம்மா!"

ஒருத்தங்க. பிறந்த அன்றைக்கு இவளைத் துணியில் சுற்றி முதலில் வாங்கியவர் அண்ணி. அவர் ஒருத்தங்க ஆகிவிட்டார்.

சோப்புக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். "பொய் இல்லடி. அத்தைதான்டி நத்தக்கா. எனக்கும் அப்பாவுக்கும் முதல்லேருந்தே தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரக்கப்பட்டாள், என்னைப் பார்த்து.

"உங்களையும் ஏமாத்திட்டாங்களாம்மா?"

என் பிடியிலிருந்து வழுக்கி இறங்கி, பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள். அண்ணி கூடத்தில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இருவருக்கும் கேட்டது. நடந்ததை எல்லாம் வாலு விம்மி விம்மிச் சொன்னாள். பதில் உடனே வந்தது, அண்ணியின் குரலில்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணு தங்கம்! சரியாச் செஞ்சே. நான் போனுக்குள்ள மட்டும்தான் இருப்பேன். அவங்க நான் இல்ல. அவங்க வேற என்ன சொன்னாங்க? இன்னும் சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். எழுந்தும் விட்டேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடும்மா. பிள்ளை தப்பு எதுவும் பண்ணலையே. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செஞ்சிருக்கா." கரகரக் குரல் திரும்பியிருந்தது. "கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்னா எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

அந்த நல்ல உடுப்புக்காரனை நினைத்துச் சொல்கிறார் என்று புரிந்தது. அவனோடு தன்னைச் சேர்த்துப் பேசுகிறாரே என்று நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளப்பும்போது, தலை வாரிக்கொண்டே மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். சீப்பு தலையில் இருக்கும்போது வாலு எங்கும் ஓட முடியாது. அது ஒன்றுதான் இப்போது எனக்கு மிஞ்சியிருக்கும் நேரம்.

"அத்தைகிட்ட ஏன்டி பேச மாட்டேங்கிற? பாவமில்ல?"

"அவங்க ஏன் நத்தக்கா மாதிரி நடிச்சாங்க?" என்றாள். குரல் உடைந்தது. "எனக்கு அத்தைன்னா பிடிக்கும். அவங்களுக்காகத்தான் நான் நத்தக்காகிட்ட கேட்டேன். அதுகூடத் தெரியாம அவங்களே வந்து ஏமாத்துறாங்க."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. "என்ன கேட்டே?"

"சனிக்கிழமை கேட்டேன். எங்க அத்தைக்கு வேலை போயிடுச்சு, பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறாங்க, அவங்களுக்கும் ஒரு நாள் போன் பண்ணிப் பேசுன்னு கேட்டேன். நிஜ நத்தக்காவா இருந்தா அதைச் சொல்லியிருக்கும்ல?"

"அதுக்கு நத்தக்கா என்ன சொல்லுச்சு?"

"நல்ல யோசனை தங்கம், அத்தையைப் பத்தி இன்னும் சொல்லுன்னு சொல்லுச்சு."

பின்னலை முடித்து அனுப்பிவிட்டு வந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, பார்க்க முடியாத சந்தோஷம்.

"எனக்காகவா கேட்டா?" என்றார். "என்னையப் பத்தியா சொன்னா?"

"ஆமா அண்ணி. இப்பதான் விடை தெரிஞ்சுடுச்சே. அவ ஸ்கூல்லேருந்து வந்ததும் போய்ச் சொல்லுங்க. நம்பிடுவா" என்றேன். நான் ஒரு மடச்சி.

அண்ணி குழாயைத் திறந்தார். தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அது பழசாயிடுச்சேம்மா" என்றார்.